தோட்டத்துக்கு மேல

நண்பரே,

இன்று காலை உம்முடைய சீசாவைத் திறந்தேன். தக்கையைச் சுற்றி அடைத்திருந்த மெழுகைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்ததும் சாராய நெடி முகத்தில் அடித்தது. எதிரே உட்கார்ந்து பத்திரிகை மடித்துக்கொண்டிருந்த அச்சுக்கோப்பவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மடிப்பதைத் தொடர்ந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த நெடி எங்கள் அலுவலகத்தில் வருவது அவருக்குப் பழகிப்போயிற்று.

தவளை அப்படியே இருக்கிறது. முன்கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டு, தலை சற்றுக் குனிந்து, ஜெபம் பண்ணுகிற மாதிரி. நிறம் மட்டும் போய்விட்டது. நீர் பிடித்தபோது முதுகில் உடுக்கை வடிவத்தில் கறுப்பு இருந்ததையும், தொடையின் உட்புறம் நீலமாக இருந்ததையும் பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். "சாராயத்துல போட்டா நிறம் போவும், சத்தம் அதுக்கு முன்னமே போயிரும்" என்பீர். அதனால்தான் பிடித்த இடத்தை அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று நீர் அவ்வளவு பிடிவாதமாக இருந்தீர். நிறமும் சத்தமும் போனபின் தவளைக்கு மிஞ்சுவது இடம் ஒன்றுதான்.

அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உம்மை நான் முதலில் பார்த்தது குலசேகரத்தில், சாராயக்கடை வாசலில். ரப்பர் விலை விழுந்து மலைத் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோன வருஷம் அது. வேலை இழந்தவர்களைப் பற்றி எழுத நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தேன். வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒரு மனிதர் பெரிய கண்ணாடி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிகாரர்களோடு வரிசையில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"ஏலே, வழி விடு. சபைக்காரரு வந்திருக்காரு" என்றான் ஒரு வண்டிக்காரன். "ஆருக்கு வே இவ்வளவு?"

"தவளைக்கு" என்றீர்.

"தவளைக்கா, ஒமக்கா?"

கடையே சிரித்தது. நீர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நான் குடிச்சா ஆடுவேன் மக்கா. அது ஆடாது, கேட்டியா?" என்று சொல்லி ஜாடியை நீட்டினீர். எனக்குச் செய்தி கிடைத்துவிட்டது என்று நினைத்து உம்மோடு நடக்க ஆரம்பித்தேன். செய்தி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் நடை நாலு வருஷம் நீண்டது.

கீரிப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கூடத்தை நீர் மேற்பார்த்துக்கொண்டிருந்தீர். அதற்கு முன் இலங்கையில், மலை உச்சியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருஷம். அங்கே தவளை சேகரித்த ஒரு வெள்ளைக்கார டாக்டருக்குச் சீசா சுமந்து, பிறகு நீரே பிடிக்கக் கற்று, அவரைவிட நன்றாகப் பிடித்தீர். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னதை நீர் காதால் கேட்டே சொல்வீராம். அதை நீர் பெருமையாகச் சொன்னதில்லை. மழை பெய்யும் என்று சொல்வதைப்போலச் சொன்னீர்.

உம்முடைய மனைவி அந்த மலையில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். அதைப் பற்றி நீர் என்னிடம் பேசியது ஒரே தடவை. அடக்கம் முடிந்து எல்லாரும் இறங்கிப்போன பின் கல்லறைக்குப் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு சின்னத் தவளை சுவர்க்கடிகாரம் மாதிரி டிக், டிக், டிக் என்று நிறுத்தாமல் கத்தியதாம். ஊருக்குத் திரும்பி வந்த முதல் மழையில், தோட்டத்து வேலையாய்க் காட்டுக்குப் போன இடத்தில் அதே சத்தத்தைக் கேட்டீர். "தலை சுத்திப்போச்சு ஓய். அஞ்ச கேட்டது இஞ்ச எப்படி?" என்றீர். பிறகு நின்று கேட்டபோதுதான் சத்தம் அதேயில்லை என்று தெரிந்தது. இது இரண்டு தடவை தட்டி, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு தடவை தட்டியது.

அது தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் கிடந்து வளருகிற தவளை அல்ல. ஈர மண்ணில் முட்டையிடும். முட்டையிலிருந்து காலும் கையுமாக, அரிசி அளவில், முழுத் தவளையே வரும். இலங்கைத் தீவில் இருக்கும் ஜாதியும் அப்படித்தான். அதற்கு லத்தீனில் பெயர் உண்டு, அது அந்தத் தீவுக்கே உரியது என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. இங்கே இருப்பது அதுவேயா, வேறா? இதுதான் உம்முடைய கேள்வி. உமக்கு விடையும் தெரியும். "இது அதுக்க தங்கச்சி. அது இல்லை" என்பீர்.

ஒரு நாள் என்னைக் கடியப்பட்டணத்துக்கு அழைத்துப் போனீர். வள்ளங்கள் கரை ஏறிய நேரம். மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம், கடலில் தவளையைக் கண்டதுண்டா என்று மரியாதையாகக் கேட்டீர்.

"ஏட்டி, இஞ்ச வா, கேட்டியா! கடல்ல தவளை உண்டான்னு கேக்குதாரு!" என்று அவள் கூவினாள். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "வேணும்னா ஒரு நெத்திலியைத் தவளைன்னு சொல்லித் தாறேன், கொண்டு போவும்!"

நீர் சிரித்துக்கொண்டே கடலைக் காட்டினீர். "பாத்தீரா? உப்பு வெள்ளம் பட்டா இந்தத் தோலு பொறுக்காது. அப்போ நீந்திப் போகல்லை. அஞ்சயும் உண்டு, இஞ்சயும் உண்டு. அப்படின்னா நடுவுல ஒரு காலத்துல மண்ணு இருந்திருக்கணும். கடல் வந்த பொறவு அக்காளும் தங்கச்சியும் பிரிஞ்சு, வேற வேற மாதிரி பேச ஆரம்பிச்சிருக்கு." அலை வந்து உம்முடைய செருப்பை நனைத்தது. நீர் நகரவில்லை.

சபையில் உமக்குக் கிடைத்தது சிரிப்பு இல்லை. சாராயக்கடையில் கண்டதாக யாரோ சொல்ல, டீக்கனார் விசாரணைக்கு அழைத்தார். நீர் சீசாவோடு போய், பெஞ்சுகளுக்கு நடுவே நின்று தக்கையைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினீராம். அவர் உள்ளே கிடந்ததைப் பார்த்து இரண்டடி பின்வாங்கி, "ஒரு தவளைக்கு வேண்டி ஆத்துமாவ நட்டப்படுத்தாதேயும்" என்று சொல்லி விட்டுவிட்டார். அன்றிலிருந்து சபையில் உமக்குப் பக்கத்துப் பெஞ்சு காலியாகவே இருந்தது. நீர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று நினைத்தேன். இது புது ஜாதி என்று ஏதாவது மியூசியத்திலிருந்து கடிதம் வந்தால் முதலில் டீக்கனாருக்குத்தான் காட்டுவேன் என்று நீர் ஒரு நாள் சொன்னபோதுதான், பொருட்படுத்தியது தெரிந்தது.

மூன்று தவளைகளை ஒரு சீசாவில் போட்டு வடக்கே ஒரு மியூசியத்துக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. உமக்கு இங்கிலீஷ் எழுத வராது, எனக்கு வரும். உம்முடைய தமிழ்ச் சீட்டு இன்னும் என் கண்முன் நிற்கிறது. பென்சிலில், பெரிய எழுத்தில்: 'தோட்டத்துக்கு மேல, ஓடைக்கரை, ஈற்றைக்காடு.' ஈற்றை என்றால் கூடை முடைகிற அந்த மெல்லிய மலைமூங்கில் என்று எனக்கு விளக்கினீர். அதற்கு மட்டும் தக்க இங்கிலீஷ் சொல் தேடி அரைமணி நேரம் அகராதியைப் புரட்டினேன். கிடைக்காமல் 'நாணல்' என்பதற்கான சொல்லை வைத்தேன். மற்ற சொற்களுக்கு யோசிக்கவே இல்லை.

நான் சுசீந்திரம் பக்கத்து வயல்காட்டுக்காரன். எங்கள் வீடு மேலத்தெரு. மேலத்தெரு, கீழத்தெரு, மேலக்குளம், மேலப்பத்து என்று வளர்ந்தவன். ஏறுவதற்கு ஒரு மேடு இல்லாத எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு. வேறு அர்த்தம் உண்டு என்பது தெரியாமல் இல்லை. ஊர்ப்பெயரைச் சொல்லி 'அதுக்கு மேல' என்றால் கை தானாக மேற்கே போகும். தோட்டத்துக்கு மேற்கே, ஓடைக்கரையில், நாணலில் என்று இங்கிலீஷில் எழுதினேன்.

அனுப்புமுன் நீர் சொன்னீர்: "வாசிச்சுக் காட்டும் ஓய். ஒரு எழுத்து மாறப்பிடாது."

வாசித்தேன். இங்கிலீஷைத் தமிழாக்கி, "தோட்டத்துக்கு மேல, ஓடைக்கரை" என்று சொன்னேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் தலையை ஆட்டினீர். உம்முடைய காதில் மலை ஏறியது. என் நாக்கில் மேற்கு இருந்தது. ஒரே சொல், இரண்டு பேரும் ஒத்துப்பார்த்துத் திருப்தியாகி, மெழுகு வைத்து மூடி அனுப்பினோம்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். தவளை தீவில் இருக்கும் ஜாதிதான். சிறு வேறுபாடுகள் சாராயத்தில் கிடந்ததால் ஏற்பட்டிருக்கலாம். பிடித்த இடம் பற்றித் தோட்டத்து மானேஜரிடம் விசாரித்ததில், மேற்கே ஓடைக்கரையில் இருப்பது ரப்பர் நாற்றங்கால் என்றும், அங்கே முதலில் வளர்த்த கன்றுகள் இலங்கையிலிருந்து மண்ணோடு கூடையில் வந்தவை என்றும் தெரிகிறது. ஆகவே தவளை கன்றோடு வந்ததாகக் கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்துப் பிராணிகளின் பட்டியலில் சேராது. கடைசியில் ஒரு வரி: இனிமேல் தோட்டத்தில் பிடித்ததைக் காட்டில் பிடித்ததுபோல் அனுப்ப வேண்டாம் என்று சேகரிப்பவருக்கு அறிவுறுத்தவும்.

அந்தக் கடைசி வரியை நான் வாசிக்காமல் விட்டிருக்கலாம். சொல்லைச் சொல்லாக மாற்றும் பழக்கத்தில் வாசித்துவிட்டேன்.

"நாத்தங்காலுன்னு நான் ஒரு நாளும் பறையல்லையே" என்றீர். "அவரு எங்கேருந்து எடுத்தாரு?"

"மானேஜர் ஏதாவது சொல்லியிருப்பார்" என்றேன். என் பையிலேயே கடிதத்தின் நகல் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. என் எழுத்தில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊர்ப்பெயர், ஆள்பெயர் தவறாத நிருபன் என்று என்னை எல்லாரும் சொல்வார்கள். மானேஜர் உம்மைக் கூப்பிட்டு, துரைமார்களிடம் தோட்டத்தின் பேரைக் கெடுத்ததாகக் கடிந்துகொண்டார். சாராயக்கடை வண்டிக்காரனுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. "தவளை கூடையில வந்ததாமே வே, டிக்கட் எடுத்தா?" என்றான்.

வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்ததும் மறுபடி மேலே போய்ப் பிடித்து வருவேன் என்றீர். நானும் கூட வந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தோம். ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. "கேட்டீரா, இஞ்ச ஒண்ணும் இல்லை. நாத்தங்கால்லயும் இல்லை. நாலு வருசமாப் பாக்கேன்" என்றீர். வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஓடை வளைந்து இறங்குகிற பக்கம் நான் திரும்பினேன். நீர் என் தோளைப் பிடித்தீர்.

"அஞ்ச எங்க போறீரு? படிஞ்ஞாறே போனா நாத்தங்கால். நமக்கு மேல போவணும்."

படிஞ்ஞாறு. மேற்குக்கு உங்கள் பக்கத்தில் மலையாளத்தில் போலத்தான் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நாலு வருஷமாக உம்முடைய வாயில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மேற்கைச் சொல்ல உமக்கு வேறு ஒரு சொல் இருக்கும்போது, மேல என்று நீர் எழுதினால் அது உயரமாக மட்டும்தான் இருக்க முடியும். அந்த வளைவில், மழையில், அது எனக்கு உறைத்தது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னவே? அட்டையா கடிச்சு?"

"ஆமா" என்றேன்.

நீர் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தீர். இரண்டு காலையும் பார்த்தீர். அட்டை இல்லை. நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர். பிறகு மேலே நடந்தீர்.

ரப்பர் முடிந்து காடு தொடங்கி, ஈற்றை நெருங்கி நின்ற இடத்தில், சாயங்கால வெளிச்சத்தில் அதைக் கேட்டேன். இரண்டு தட்டு, ஒரு மூச்சு, ஒரு தட்டு. நாலு பக்கமும். தோட்டம் எங்கோ கீழே புகையாகத் தெரிந்தது. எந்தக் கூடையும் அவ்வளவு உயரம் வந்திருக்காது. நீர் இரண்டு கையையும் குவித்து ஒன்றைப் பிடித்து, திறந்து காட்டினீர். தொடையின் நீலம் மினுங்கியது. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் நகலைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, மியூசியத்துக்குத் திருத்தம் எழுதி, நல்ல பதில் வந்தபின் இரண்டையும் சேர்த்துச் சொல்வோம் என்று எண்ணினேன். பிழையைச் சரி செய்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு.

நீர் இறங்கி வந்த அன்று இரவே, நான் ஊருக்குக் கிளம்பியபின், மலைக்காய்ச்சல் வந்தது. கொயினா மருந்துக்கு அடங்கவில்லை. தகவல் கிடைத்து நான் வந்தபோது நீர் பேசுகிற நிலையில் இல்லை என்றார்கள். ஆனால் என்னைக் கண்டதும் கண் திறந்தீர். உதடு காய்ந்திருந்தது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெல்லக் கேட்டீர்:

"ஓய். ஒமக்க ஊர்ல மேலத்தெரு எந்தப் பக்கம்?"

"மேற்கே" என்றேன்.

"ம்" என்றீர். உதட்டின் ஒரு ஓரம் அசைந்தது. "அதானே." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்.

அது சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. மன்னிப்பாக இருக்கலாம். களைத்துத் திரும்பியதாகவும் இருக்கலாம். நான் பேச வாயெடுக்குமுன் உறங்கிவிட்டீர். மறுநாள் விடியும்போது நீர் இல்லை.

அடக்கத்துக்குச் சபை முழுதும் வந்தது. மழை. டீக்கனார்தான் ஜெபித்தார். எல்லாம் முடிந்தபின் என்னைத் தனியாக அழைத்து, மேல்துண்டுக்குள்ளிருந்து ஒரு சீசாவை எடுத்தார். நீர் கடைசியாகப் பிடித்தது. காய்ச்சல் வந்துவிட்டதால் சீட்டு எழுதப்படாமல் கிடந்தது.

"இதுல சாராயம் குறைஞ்சிருக்கு" என்றார். "நான் போயி வேங்கப்பிடாது. நீரு வேங்கி ஊத்தி வையும். காஞ்சு போயிரப்பிடாது, என்னா?"

அன்றிலிருந்து வருஷம் ஒரு முறை நான் போகிறேன். குலசேகரத்தில் அதே கடை. வண்டிக்காரனுக்கு வயதாகிவிட்டது, கேள்வி மட்டும் மாறவில்லை. "தவளைக்கா, ஒமக்கா?" என்கிறான். தவளைக்கு என்கிறேன்.

மியூசியத்துக்குத் திருத்தம் எழுதினேன், இன்னொரு தவளை என்னிடம் இருப்பதையும் சொன்னேன். அதில் 'எழுத்தில் நேர்ந்த பிழை' என்றேன். யாருடைய எழுத்தில் என்று சொல்லவில்லை. பதில் மரியாதையாக வந்தது. முதல் சீசாவின் சாராயம் வற்றி உள்ளிருந்தவை கெட்டுவிட்டன. சேகரித்தவர் இறந்துவிட்ட நிலையில், இன்னொரு தவளை இடம் தெரிகிற சீட்டோடு வந்தால் மறுபடி பார்க்கலாம். அச்சான பட்டியலில் உம்முடைய தவளை கூடையில் வந்ததாகவே நிற்கிறது.

என்னிடம் தவளை இருந்தது. சீட்டு எழுதினால் போதும். அனுப்பிவிட்டால் உம்மிடமிருந்து எனக்கு எதுவும் மிஞ்சாது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இந்த இடத்துக்கும் முன்பு எழுதிய இடத்துக்கும் ஏன் வித்தியாசம் என்று சீட்டிலேயே சொல்லியாக வேண்டும். மேற்கு என்று எழுதியது நீர் அல்ல, நான்தான் என்று என் கையெழுத்தில் போட வேண்டும். இத்தனை வருஷம் அதற்குக் கை வரவில்லை. ஊர்ப்பெயர் தவறாத நிருபன்.

ஆனால் ஒன்று செய்துகொண்டு வந்திருக்கிறேன். தீ விபத்தோ, குளம் உடைந்ததோ, யாராவது வந்து 'இன்ன ஊருக்கு மேல' என்று சொன்னால் பேனாவை நிறுத்திவிடுகிறேன். "மேலன்னா மேக்கயா, ஒசரமா?" என்று கேட்கிறேன். வயல்காட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேட்காமல் ஒரு வரியும் எழுதியதில்லை.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. மியூசியத்தில் புதிதாக வந்திருக்கும் ஒருவர் பழைய கோப்பைப் புரட்டியிருக்கிறார். அந்த இன்னொரு தவளை இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அதனால்தான் இன்று மெழுகைச் சுரண்டினேன். சாராயத்தை விளிம்புவரை ஊற்றியாயிற்று. காகிதம் நறுக்கி வைத்திருக்கிறேன். மை கரைந்துவிடும், பென்சில்தான் நிற்கும் என்று நீர் சொன்னது ஓர்மையிருக்கிறது. பென்சிலாலேயே எழுதியிருக்கிறேன். உம்முடைய சொல்லை மேலே தமிழிலேயே வைத்து, இங்கிலீஷைக் கீழே எழுதினேன். டீக்கனாரிடம் இன்று போய் வாசித்துக் காட்டப்போகிறேன். அதன் நகல் இது, உமக்கு.

'தோட்டத்துக்கு மேல, ஓடைக்கரை, ஈற்றைக்காடு. மேல என்றால் உயரம். மேற்கு அல்ல. சேகரித்தவர் சரியாகச் சொன்னார். தவறாக எழுதியது நான்.'